பூஜ்யம் புள்ளி ஒன்னு

முதல்ல எங்க நகத்தைத்தான் பிடிச்சாங்க.

காலையில உள்ள நுழையும்போதே பதினோரு பொம்பளைங்களையும் வரிசையா நிக்க வச்சு, கையை நீட்டச் சொல்லி, சூப்பர்வைசர் ஒவ்வொருத்தர் விரலா குனிஞ்சு குனிஞ்சு பாத்தார். அவர் கையில ஒரு நகவெட்டி. "நீளமா வச்சிருக்கவங்க இங்கயே வெட்டிட்டு உள்ள போங்க. கவர் கிழியறதுக்கு இதான் காரணம்"னார். எனக்கு நாப்பத்தோரு வயசு. பள்ளிக்கூடத்துல கூட என் நகத்தை யாரும் பாத்தது கிடையாது. "சார், அப்படியே பல்லையும் காட்டிடவா?"ன்னு கேட்டேன். பின்னாடி யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. அன்னையிலருந்து அவர் பேரு நகவெட்டி. பேர் வச்சது நான்தான். அதுல எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது.

எங்க கம்பெனியில செய்யறது கதவுக் கீல். மிஷின்லருந்து வர்ற கீலை எண்ணெய் துடைச்சு, ஜோடி சேத்து, கூட ஸ்க்ரூவை எண்ணிப் போட்டு, பிளாஸ்டிக் கவர்ல அடைச்சு, வாயைச் சூட்டுல ஒட்டி அட்டைப்பெட்டியில அடுக்கணும். அதுதான் பேக்கிங். ஒம்பது வருஷமா செய்யறேன், கண்ணை மூடிட்டுச் செய்வேன். ரெண்டு மாசமா என்ன ஆச்சுன்னா, பெட்டி கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கீலோட மூலை கவரைக் கிழிச்சுக்கிட்டு வெளிய எட்டிப் பாக்குது. ஸ்க்ரூ எல்லாம் பெட்டிக்குள்ள உருண்டு விளையாடுது. கடைக்காரங்க பெட்டியைத் திருப்பி அனுப்பினாங்க. திருப்பி வந்த பெட்டியைப் பாத்ததும் மேல இருக்கறவங்களுக்கு ஞாபகம் வந்தது எங்க நகம்.

நகம் வெட்டியும் கிழிஞ்சுது. மோதிரத்தைக் கழட்டச் சொன்னாங்க, கழட்டினோம். வளையலைக் கழட்டச் சொன்னாங்க, முணுமுணுத்துக்கிட்டே கழட்டினோம். அப்புறமும் கிழிஞ்சுது. அடுத்து என்ன, கையையே கழட்டி வச்சுட்டு வரணுமான்னு நான் கேட்டது நகவெட்டி காதுல விழுந்துடுச்சு போல. அவர் கையைத்தான் தேட ஆரம்பிச்சார். யார் மேஜையில அதிகமாக் கிழியுதுன்னு ஒரு வாரம் கணக்கெடுத்தார். சிட்டு மேஜையில.

சிட்டு என் வீட்டுக்காரரோட தங்கச்சி, எனக்கு நாத்தனார். சிட்டுங்கறது வீட்ல கூப்பிடற பேரு, கம்பெனியிலயும் அதுவே நிலைச்சுப் போச்சு. முன்னாடி அவ வேலை செஞ்ச இடத்துல அச்சு மிஷின்ல வலது கை மாட்டி, நடுவிரலும் மோதிர விரலும் மடங்காமப் போச்சு. கட்டினவன் அதையே சாக்கா வச்சு அவளைக் கழட்டி விட்டான். அந்த ஆளைப் பத்திப் பேசினா எனக்கு வாய் நாறிடும், விடுங்க. எங்க வீட்டுக்கு வந்த மூணாவது மாசமே, "அண்ணி, சும்மா உக்காந்து சாப்பிட்டா எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது. உங்க கம்பெனியில ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னா. சொன்னேன். ஒன்றரை வருஷமா வேலை பாக்கறா. மடங்காத ரெண்டு விரலையும் தள்ளி வச்சுட்டு மிச்ச மூணு விரல்ல அவ ஸ்க்ரூ எண்ணிப் போடற வேகத்தைப் பாத்தா, பத்து விரல் இருக்கறவங்க வெக்கப்படணும்.

அவளுக்கு ரெண்டு வாரத்துல ரெண்டு மெமோ கொடுத்தாங்க. "கவனக்குறைவாகக் கையாண்டதால் சேதம்"னு எழுதியிருந்தது. மூணாவது மெமோ வந்தா வேலை போச்சு, அது எங்க கம்பெனி சட்டம். இந்தக் கையோட இன்னொரு இடத்துல போய் நின்னா அவளை யார் எடுப்பா? அவளுக்கும் அது தெரியும். வீட்ல சத்தமே இல்லாம நடமாட ஆரம்பிச்சா. தட்டுல போட்டதைப் பாதி வச்சுட்டு எழுந்திரிச்சா.

நகவெட்டி கணக்கெடுத்தாரே, ஒன்னை மட்டும் கணக்கெடுக்கல. போன மாசத்துலருந்து ஆறு இன்ச் கீல் மொத்தமும் சிட்டு மேஜைக்குத்தான் போகுது. எங்ககிட்ட இருக்கறதெல்லாம் மூணு இன்ச், நாலு இன்ச். ஆறு இன்ச்தான் இருக்கறதுலயே பெரிசு, இருக்கறதுலயே கனம், மூலை கத்தி மாதிரி. அது கிழிக்காம எது கிழிக்கும்? இதை நகவெட்டிகிட்ட சொன்னேன். "ஆறு இன்ச் கீல் போன வருஷமும் இருந்தது. அப்பக் கிழியலையே?"ன்னார். மேஜைக்குத் திரும்பி வந்து ஸ்க்ரூ எண்ணிக்கிட்டே யோசிச்சேன். அப்ப இல்லாதது இப்ப என்ன வந்துச்சு? கீல் அதே கீல். ஆள் அதே ஆள். மிச்சம் இருக்கறது கவர்தானே!

சாப்பாட்டு நேரத்துல நேரா ஸ்டோருக்குப் போனேன். உள்ள வர்ற ஒவ்வொரு பொருளையும் அளந்து ரெஜிஸ்டர்ல எழுதறது ஸ்டோர் ஐயா வேலை. இருவத்திரண்டு வருஷமா அந்த நாற்காலியில இருக்கார். கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

"ஐயா, கவர் மெல்லிசா வருதுங்கய்யா."

"யார் சொன்னா?"

"கை சொல்லுது."

"கை சொல்றதை எழுத இங்க இடம் இல்லம்மா"ன்னு ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். தடிமன்னு தலைப்பு போட்டு, பக்கத்துல மி.மீ.ன்னு அச்சடிச்சிருந்தது. கீல் தகடு 2.5. பெரிய கீல் தகடு 3.0. அட்டைப்பெட்டி 4.0. கவர் 0.1. போன வருஷப் பக்கத்தைப் புரட்டினார். கவர் 0.1. அதுக்கு முந்தின வருஷம், 0.1. எனக்கு எதிர்லயே ஒரு கவரை எடுத்துக் காலிப்பர்ல கவ்வ வச்சார். பழைய காலிப்பர், ஒரு மில்லிமீட்டரைப் பத்துப் பங்காக் காட்டும், அதுக்குக் கீழ காட்டாது. "நீயே பாரு. ஒரு கோடு. பூஜ்யம் புள்ளி ஒன்னு. கவர் விக்கற ஆளை ரெண்டு மாசம் முன்னாடி மாத்தினோம், உண்மைதான். ஆனா கேட்டது பூஜ்யம் புள்ளி ஒன்னு, வந்தது பூஜ்யம் புள்ளி ஒன்னு. என் ரெஜிஸ்டர்ல ஒரு தப்பு கண்டுபிடிச்சிட்டா நான் மீசையை எடுத்துடறேன்"னார். அவருக்கு மீசையே கிடையாது. அது வேற விஷயம்.

நான் விடறதா இல்ல. அன்னைக்கு ஒரு கட்டு கவரை, நூறு கவர், ஸ்டோர்லயே எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். "எதுக்கு?"ன்னு ஐயா கேட்டார். "பாத்துட்டுத் தர்றேன்"னேன்.

என் வீட்டுக்காரர் தச்சு வேலை. சாயங்காலம் வாசல்ல ஒரு ஸ்டூல் காலைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தார். கவரை அவர் மடியில போட்டு, "இது எவ்வளவு தடிமன்னு உங்க ஸ்கேல்ல பாத்துச் சொல்லுங்க"ன்னேன்.

"ஸ்கேல்லயா? இதையா? மூட்டை தூக்கற தராசுல மூக்குத்தியை நிறுக்கச் சொல்ற."

"ஏன், நீங்க பலகையை அளக்கறதில்ல?"

"அது பலகை. கதவுக்கட்டை வாங்கப் போனா இன்ச்ல கேப்பேன். பிளைவுட்டுன்னா மில்லிமீட்டர். மெத்தைன்னா சென்டிமீட்டர். மேல அடிச்ச வார்னிஷ் எவ்வளவு நிக்குதுன்னு பாக்கணும்னா மைக்ரான்ல சொல்லுவாங்க. ஒவ்வொன்னுக்கும் அதுக்குத் தோதான அளவு. மெத்தையை மைக்ரான்ல கேட்டா கடைக்காரன் என்னை மேலயும் கீழயும் பாப்பான்."

"மைக்ரான்னா?"

"ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டா வெட்டினா ஒரு துண்டு."

"ஆமா, வெட்டிட்டாலும்!"ன்னுட்டு உள்ள போனேன். ஆனா மனசுல அது குடைஞ்சுக்கிட்டே இருந்தது. அவரோட ஸ்கேலை எடுத்துக்கிட்டு வீட்ல இருக்கறதை எல்லாம் அளக்க ஆரம்பிச்சேன். கதவு முப்பத்திரண்டு மில்லிமீட்டர். முகம் பாக்கற கண்ணாடி நாலு. காசு ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி. சாப்பிடற தட்டை வச்சா ஒரு கோடுகூடத் தேறல. மெத்தை பத்து சென்டிமீட்டர், நடுவுல அமுங்கின இடத்துல எட்டு. சமையல்கட்டு வாசல்ல சிட்டு நின்னு என்னைப் பயந்து பயந்து பாத்தா. "அண்ணனைக் கூப்பிடவா அண்ணி?"ன்னா. ரெண்டு நாளைக்கப்புறம் அவ வாயிலருந்து வந்த முதல் பேச்சு அதான்.

அலமாரியில எழுதாத நோட்டு ஒன்னு கிடந்தது. இருநூறு பக்கம்னு அட்டையில போட்டிருந்தது. ஒரு தாளை ஸ்கேல்ல வச்சுப் பாத்தேன், ஒன்னுமே தெரியல. சரி, ஒத்தைத் தாளை அளக்க முடியாது. மொத்தத் தாளையும் அளந்தா? அட்டையை விட்டுட்டு இறுக்கிப் பிடிச்சுப் பாத்தேன். எட்டு மில்லிமீட்டர். இருநூறு பக்கம்னா நூறு தாள். எட்டை நூறாப் பங்கு போட்டா ஒரு தாள் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு. புள்ளிக்கு அப்புறம் ஒரே எண் எழுதற நம்ம ஸ்டோர் ஐயா, இந்தத் தாளை ரெஜிஸ்டர்ல என்னன்னு எழுதுவார்?

பூஜ்யம் புள்ளி ஒன்னு!

அப்படியே தரையில உக்காந்துட்டேன். நோட்டுத் தாளும் 0.1. கீல் கவரும் 0.1. அப்ப கவர் நோட்டுத் தாள் அளவுக்கு மெல்லிசானாலும் அந்த ரெஜிஸ்டர்ல தெரியவே தெரியாது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் உள்ள வந்து நோட்டைப் புரட்டிப் பாத்துட்டு, "மெத்தையை மீட்டர்ல, ஒரு புள்ளியோட நிறுத்தி எழுதின மாதிரி. ஒம்பது சென்டிமீட்டர் மெத்தையும் பூஜ்யம் புள்ளி ஒன்னு மீட்டர், பதினாலு சென்டிமீட்டர் மெத்தையும் பூஜ்யம் புள்ளி ஒன்னு மீட்டர். எழுத்துல ரெண்டும் ஒன்னு. படுத்தா முதுகுக்குத் தெரியும்"னார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல அவர் பேசினதுலயே எனக்குப் பிடிச்ச பேச்சு அதுதான்.

கொண்டுவந்த நூறு கவரை ரெண்டு பலகைத் துண்டுக்கு நடுவுல வச்சு, அவரோட கிளாம்ப்ல இறுக்கினோம். நடுவுல காத்து நிக்கக்கூடாதில்ல. அளந்தோம். ஒம்பது மில்லிமீட்டர். ஒரு கவர் தொண்ணூறு மைக்ரான். நோட்டுத் தாளை விடக் கொஞ்சம்தான் அதிகம். இதுக்குள்ள ஆறு இன்ச் இரும்பைப் போட்டுட்டு, நகத்தைக் காட்டுன்னா எப்படி?

"பழைய கவர் ஒரு நூறு கிடைச்சா போதும்டீ. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மேனேஜர் மேடம் கண்ணுல காட்டிடுவேன்"னு சிட்டுகிட்ட குதிச்சேன். என் வீட்டுக்காரரோட ஆணிப்பெட்டியைக் கிளறினதுல, அவர் எப்பவோ எங்க கீல் வாங்கின பழைய கவர் மூணு கிடைச்சுது, அதுவும் கத்தியால கிழிச்சது. மூணை வச்சுக்கிட்டு என்ன அளக்கறது? கம்பெனியில பழசு ஒன்னுகூட மிச்சம் இல்ல.

சிட்டு முகம் வெளுத்துப் போச்சு. "அண்ணி, என்கிட்ட இருக்கு"ன்னா.

"எங்க?"

"அது மேலதான் உக்காந்திருக்கேன்."

எங்க பேக்கிங் ஸ்டூல் எல்லாம் இரும்பு. எட்டு மணி நேரம் உக்காந்தா இடுப்பு விட்டுப்போகும். ஏழு மாசம் முன்னாடி, கவர் எக்கச்சக்கமா வந்து குவிஞ்சு கிடந்த நேரத்துல, இவ ஒரு கட்டு கவரைப் பிரிக்காம அப்படியே பழைய புடவைத் துணியில சுத்தி ஸ்டூல் மேல போட்டிருக்கா. நானும் தினம் பாக்கறேன், துணித் திண்டுன்னு நினைச்சேன். அடி கள்ளி!

"அதைக் கொண்டா, முடிஞ்சுது கதை"ன்னேன்.

"கொண்டு போனா என் கதைதான் முடியும். கேக்காம எடுத்தேன் அண்ணி. கம்பெனிப் பொருளை எடுத்தா மெமோவெல்லாம் கிடையாது, நேரா வெளியதான். கை சரியில்லைன்னு அனுப்பினாலாவது பரவாயில்ல. திருடின்னு அனுப்பினா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு..." பாதியில நிறுத்திட்டா. "சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனா அது அவ பொழப்பு, என்னோடது இல்ல. "சொல்ல மாட்டேன். திண்டு இல்லாமலே ஒரு கை பாத்துடறேன்"னேன்.

ரெண்டே நாள்ல மறுபடியும் பெட்டி திரும்பி வந்தது. பதினோரு மணிக்கு மேனேஜர் மேடம் அறைக்கு சிட்டுவைக் கூப்பிட்டாங்க. மூணாவது மெமோ. நான் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போனேன்.

உள்ள மேடம், நகவெட்டி, ரெஜிஸ்டரோட ஸ்டோர் ஐயா. மேஜை மேல திரும்பி வந்த பெட்டி, பக்கத்துல மெமோ, கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி. "உங்களை யார் கூப்பிட்டா?"ன்னு மேடம் கேட்டாங்க.

"யாரும் கூப்பிடல மேடம். நானா வந்தேன். பத்து நிமிஷம் கொடுங்க. அப்புறம் இவளோட சேத்து என்னையும் அனுப்பறதுன்னா அனுப்புங்க."

நகவெட்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேடம் கையைக் காட்டினாங்க. பையிலருந்து நோட்டை எடுத்து வச்சேன். "ஐயா, இதுல ஒரு தாளை அளந்து உங்க ரெஜிஸ்டர்ல எழுதற மாதிரி சொல்லுங்க"ன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே ஒரு தாளைக் காலிப்பர்ல கவ்வ வச்சார். "பூஜ்யம் புள்ளி ஒன்னு."

"கவர்?"

"அதுவும் பூஜ்யம் புள்ளி ஒன்னு. எத்தனை தடவை கேப்ப?"

அந்தத் தாளை நோட்டுலருந்து கிழிச்சு எடுத்தேன். பை மாதிரிப் பிடிச்சு, பெட்டியிலருந்து ஆறு இன்ச் கீல் ஒன்னைத் தூக்கி அதுக்குள்ள போட்டேன். தாளைக் கிழிச்சுக்கிட்டு டமார்னு கீல் மேஜையில விழுந்தது. "ரெண்டும் ஒரே தடிமன்தானே ஐயா? அப்ப நாளையிலருந்து நோட்டுத் தாள்லயே பேக் பண்ணிடுவோம்"னேன்.

மேடம் நிமிந்து உக்காந்தாங்க. மெத்தைக் கதையைச் சொன்னேன். மீட்டர்ல எழுதினா ரெண்டு மெத்தையும் ஒன்னாயிடும்னு சொன்னதும் அவங்களுக்குச் சட்டுனு பிடிபட்டுச்சு. "மேடம், கீல் தகட்டுக்கு மில்லிமீட்டர் சரி. அதே கட்டத்துல கவரையும் எழுதறாங்க. கவரை மைக்ரான்ல எழுதணும். ஸ்டோர்ல எழுதி வாங்கின இந்தக் கட்டுல நூறு கவர், ஒன்னொன்னும் தொண்ணூறு மைக்ரான்"னு சொல்லி, பலகை, கிளாம்ப், ஸ்கேல் எல்லாத்தையும் எடுத்து அவங்க கண் முன்னாடியே இறுக்கி அளந்தேன். ஒம்பது மில்லிமீட்டர்.

ஸ்டோர் ஐயா முகத்துல ஈயாடல. ஆனா விடுவாரா? "சரி, தொண்ணூறு. பழசும் தொண்ணூறாவே இருந்திருக்கலாம். அப்ப அதே கவர்ல கிழியாம இருந்தது, இப்பக் கிழியுதுன்னா அப்பவும் கைதான் காரணம்"னார்.

"பழைய கவர் இருக்கா?"ன்னு மேடம் என்னைக் கேட்டாங்க.

ஒம்பது வருஷத்துல நான் வாயை மூடிட்டு நின்னு இந்தக் கம்பெனியில யாரும் பாத்ததில்ல. அன்னைக்கு மூடிட்டு நின்னேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு, மேஜை விளிம்பைப் பாத்துக்கிட்டு நின்னேன். நகவெட்டி தொண்டையைச் செருமிட்டு மெமோவை சிட்டு பக்கம் நகத்தி வச்சார். "பேனா இருக்காம்மா?"ன்னார்.

சிட்டு பேனாவைத் தொடல. எழுந்து கதவைத் திறந்துட்டு வெளிய போயிட்டா. அழத்தான் போறான்னு நினைச்சேன். நானும் பின்னாடி போகத் திரும்பினேன். அதுக்குள்ள அவ திரும்பி வந்துட்டா. கையில துணித் திண்டு. மேஜை மேல வச்சு, மடங்காத விரலோட முடிச்சை அவிழ்க்க முடியாம திணறினா. நான் உதவிக்குப் போனேன், தோளால என்னைத் தள்ளிட்டா. பல்லால இழுத்து அவிழ்த்தா.

"நூறு கவர். ஏழு மாசத்துக்கு முந்தினது. கேக்காம எடுத்தேன் மேடம், ஸ்டூல் குத்துதுன்னு எடுத்தேன். அது தப்பு. இப்ப அளங்க"ன்னா. சொல்லும்போது தலையைக் குனியல.

ஸ்டோர் ஐயா என்னை அளக்க விடல. தானே கட்டைப் பிரிச்சு, விரலை நாக்குல தொட்டுக்கிட்டு, ஒவ்வொரு கவரா எண்ணினார். எண்பதுல முடிஞ்சுட்டா என்ன பண்றதுன்னு நானும் மனசுக்குள்ள கூடவே எண்ணினேன். நூறு சரியா இருந்தது. அவரே பலகைக்கு நடுவுல வச்சார், அவரே கிளாம்பைத் திருகினார், இன்னொரு சுத்துக் கூடவே திருகினார். குனிஞ்சு ஸ்கேலைப் பாத்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் பாத்தார்.

"பதினாலு"ன்னார்.

"ஏழு மாசம் இவ இது மேல உக்காந்து அமுக்கியும் பதினாலு"ன்னேன். நூத்தி நாப்பது மைக்ரான் இருந்த கவர் தொண்ணூறுக்கு வந்திருக்கு. மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு. ரெஜிஸ்டர்ல ஒரு எழுத்துகூட மாறல.

ஐயா ரெஜிஸ்டரைத் திறந்து அந்த வரிசை மேல விரலை வச்சு மேலருந்து கீழ வரைக்கும் இழுத்தார். "நான் பொய் எழுதலையேம்மா"ன்னார். மெதுவாச் சொன்னார். எனக்கு அவர் மேல இருந்த கோபமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. "யாரு பொய்னு சொன்னா? கீலுக்குத் தைச்ச சட்டையைக் கவருக்கும் மாட்டி விட்டிருக்கு, அவ்வளவுதான். சட்டையை மாத்துங்க ஐயா"ன்னேன். அவர் அங்கயே ஸ்கேலை வச்சுக் கோடு இழுத்து, பக்கத்துல புதுசா ஒரு கட்டம் போட்டு, மைக்ரான்னு தலைப்பு எழுதினார். கீழ 90ன்னு எழுதினார். கையெழுத்து கொஞ்சம் கோணலா விழுந்தது.

மேடம் ரெண்டு பழைய மெமோவையும் எடுத்தாங்க. "இதைக் கேன்சல் பண்ணிடறேன்"னாங்க.

"வாயால சொன்னா போதாது மேடம். மெமோ மேலயே எழுதுங்க. கவர் மெல்லிசு, ஆள் மேல தப்பில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க"ன்னேன். நகவெட்டி என்னை முறைச்சார். நானும் முறைச்சேன். மேடம் எழுதினாங்க. மூணாவது மெமோவைக் கிழிச்சுக் குப்பையில போட்டாங்க.

அப்புறம் இழுப்பறையைத் திறந்து புதுசா ஒரு மெமோத் தாளை எடுத்தாங்க. கேக்காம ஒரு கட்டு கவர் எடுத்ததுக்கு ஒரு மெமோ. எனக்கு ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. இவ்வளவு பெரிய ஓட்டையைக் காட்டிக் கொடுத்தவளுக்கு மெமோவா, இது எந்த ஊர் நியாயம்னு வாயைத் திறந்துட்டேன். சிட்டு என் முழங்கையைப் பிடிச்சா. "விடுங்க அண்ணி. இது நான் செஞ்சது"ன்னா. மெமோவை வாங்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பேனாவை இடுக்கிக் கையெழுத்துப் போட்டா. முதல் ரெண்டு மெமோவுல போட்டது கிறுக்கின மாதிரி இருந்தது, நான் பாத்திருக்கேன். இதுல முழுப் பேரையும் எழுதினா.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்னோம். எனக்கு வாய் ஓயல. நகவெட்டி மூஞ்சி போன போக்கைச் சொன்னேன், ஐயா கவர் எண்ணினதை நடிச்சுக் காட்டினேன், நானே சிரிச்சேன். அவ சிரிக்கல. ரோட்டைப் பாத்துக்கிட்டே நின்னவ, "அண்ணி, ஒன்னு கேட்டா மறைக்காமச் சொல்வீங்களா?"ன்னா.

"கேளு."

"நீங்களும் என் கைதான்னு நினைச்சீங்கல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்னைக்குப் பூரா அவளுக்காகச் சண்டை போட்டவ நான், ஒரு பொய் எனக்குப் பெரிசில்ல. ஆனா அவ கேட்ட விதம் அப்படி. "நினைச்சேன். ரெண்டாவது மெமோ வந்தப்ப நினைச்சேன். ரெண்டு நாள் உன் விரலைத் திருட்டுத்தனமாப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் ஸ்டோருக்குப் போனேன்"னேன். சொல்லும்போதே வெக்கமாப் போச்சு.

"தெரியும். நீங்க பாத்ததை நான் பாத்தேன்"னா. அந்த ரெண்டு விரலை நீவிக்கிட்டே, "நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் அண்ணி. கை உதவாதுன்னு என்னைக் கட்டினவன் சொன்னப்பகூட நான் நம்பல. இந்த ரெண்டு வாரம்தான், என் கையை நானே நம்பல"ன்னா.

அப்புறம் அழுதா. ரோட்டுல அத்தனை பேர் பாக்க, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதா. நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எங்க பஸ் ரெண்டு வந்துட்டுப் போச்சு. நாங்க ஏறல.